கேசரிப் பொடியும் ஒரு தாம்பாளம் தண்ணீரும்

ஜூன் விடுமுறையின் முதல் திங்கட்கிழமை எங்கள் வீட்டில் தண்ணீரால் ஒரு சண்டை வந்தது. அந்த மாதக் கட்டணச் சீட்டில் தண்ணீர்ப் பயன்பாடு 24 கன மீட்டர் என்று இருந்தது. அம்மா, பாட்டி, நான், தொடக்கநிலை 5ல் படிக்கும் தம்பி என நாங்கள் நால்வர். வழக்கமாக 17 அல்லது 18 கன மீட்டரைத் தாண்டமாட்டோம்.

அம்மா சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் தம்பியைத்தான் பார்த்தார். “உள்ள போனா அரை மணி நேரம். வேற யாரு காரணம்?” அன்று மாலையே குளியலறைக் கதவில் சமையலறை டைமர் ஒட்டப்பட்டது. ஐந்து நிமிடத்தில் மணி அடிக்கும். தம்பி ஒன்றும் பேசவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் அப்படி இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாம் தவணையில் அறிவியலில் மதிப்பெண் குறைந்துவிட்டது. ‘விடை தெரிகிறது, ஏன் என்று விளக்கத் தெரியவில்லை’ என்பது ஆசிரியரின் குறிப்பு. துணைப்பாட வகுப்பில் சேர்க்கலாமா என்று அம்மா விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாதக் கட்டணத்தைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யோசித்தார். எனக்கும் பல்கலைக்கழக விடுமுறைதான். “இந்த நாலு வாரம் எங்கிட்ட விடுங்கம்மா” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. எனக்குப் பாடம் நடத்திப் பழக்கமில்லை.

தொடக்கநிலை 5 அறிவியலில் நீர்ச் சுழற்சி வருகிறது. கணிதத்தில் கனஅளவு வருகிறது. தொட்டியில் குழாய் திறந்து நிரப்பும் கணக்குகளை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். வீட்டில் தண்ணீர்ச் சண்டை வேறு. பயிற்சிப் புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீரிலிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தேன்.

முதல் வேலை மீட்டரைப் பார்ப்பது. பத்து ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீட்டின் தண்ணீர் மீட்டர் எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. வீட்டு வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில் இருக்கும் அலமாரிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும், சிவப்பு எண்கள் லிட்டரைக் காட்டும். ஒரு கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர். இதை அவன் வகுப்பில் படித்திருக்கிறான். ஆனால் நான் ஒரு வாளித் தண்ணீர் பிடித்துவிட்டு வந்ததும் சிவப்பு எண் நகர்ந்திருப்பதைப் பார்த்தபோதுதான், “ஓ, இதுவா அது?” என்றான்.

அன்றிரவு 11 மணிக்கு எல்லாக் குழாய்களையும் மூடி, எண்ணைக் குறித்தோம். காலை 6 மணிக்கு யாரும் குழாயைத் தொடுவதற்குமுன் மறுபடியும் குறித்தோம். 68 லிட்டர் கூடியிருந்தது. வீடே தூங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் மட்டும் தூங்கவில்லை.

“பாட்டி ராத்திரி எழுந்தாங்கக்கா. அதைக் கழிக்கணும்ல?” என்றான் தம்பி. எனக்கு அது தோன்றவே இல்லை. கழிவறைத் தொட்டியை முழுதாக அழுத்தினால் ஏறக்குறைய நாலரை லிட்டர், கை கழுவியது அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டு ஐந்தைக் கழித்தோம். மீதம் 63. ஏழு மணி நேரத்துக்கு 63 என்றால் மணிக்கு 9 லிட்டர். நாளுக்கு 216. முப்பது நாளுக்கு 6,480 லிட்டர், அதாவது ஆறரைக் கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 2025 ஏப்ரல் முதல் வீட்டுப் பயன்பாட்டில் மாதத்தின் முதல் 40 கன மீட்டருக்கு, ஒரு கன மீட்டருக்கு 3 வெள்ளி 24 காசு. பொருள் சேவை வரியைச் சேர்க்காமலேயே மாதம் கிட்டத்தட்ட 21 வெள்ளி வீணாகப் போயிருக்கிறது.

இந்தக் கணக்கை அவனே போட்டான். முதல்முறை ஆயிரத்தால் வகுக்க மறந்து, 20,995 வெள்ளி என்று விடை வந்து, இருவரும் சிரித்தோம். அந்தத் தவற்றை அவன் இனிமேல் செய்யமாட்டான் என்று நினைக்கிறேன்.

இனி ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். குழாய்கள் சொட்டவில்லை. எங்கள் சந்தேகம் கழிவறைத் தொட்டிமேல் விழுந்தது. இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. தொட்டித் தண்ணீரில் சாயம் கலந்துவிட்டு, அரை மணி நேரம் அழுத்தாமல் விட வேண்டும். கீழே கோப்பைக்குள் சாயம் இறங்கினால் தொட்டி ஒழுகுகிறது. வீட்டில் இருந்த ஒரே சாயம் கேசரிப் பொடி. “சாமிக்குப் படைக்கிறதுக்குப் போடுற பொடிய அங்க கொண்டு போறீங்களாடா?” என்று பாட்டி சத்தம் போட்டார். கொஞ்சம் தனியாக எடுத்துக்கொண்டு போனோம்.

பொதுக் கழிவறையின் கோப்பைத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. அம்மா அறையில் உள்ள கழிவறையில் இருபது நிமிடத்தில் செம்மஞ்சள் இறங்கியது.

தம்பி அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். தொட்டியின் அடியிலிருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டு மாமா மாற்றிக் கொடுத்தார்; வன்பொருள் கடையில் சில வெள்ளிதான். அடுத்த இரவு மீட்டர் ஐந்தே லிட்டர் நகர்ந்திருந்தது. அது பாட்டி கணக்கு. குளியலறைக் கதவில் இருந்த டைமர் சமையலறைக்குத் திரும்பிவிட்டது. அம்மா எப்போது எடுத்தார் என்று நாங்கள் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் மட்டும், வேலைக்குக் கிளம்பும்போது, “உன்னைத்தானே திட்டினேன்” என்று அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகு அவனை நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ஆவியாதல். வெப்பம், காற்று, திறந்த பரப்பு ஆகியவை ஆவியாகும் வேகத்தை மாற்றும் என்று பாடத்தில் இருக்கிறது. 50 மில்லிலிட்டர் தண்ணீரைத் தாம்பாளத்தில் ஊற்றினான், இன்னொரு 50ஐக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினான். தாம்பாளத்தை மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, குவளையை அலமாரிக்குள் வைக்கப் போனான். “தாம்பாளம் முதல்ல காய்ஞ்சா, அதுக்குக் காரணம் அகலமா, காத்தா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குவளையையும் கொண்டுவந்து விசிறிக்குக் கீழேயே வைத்தான். அந்தச் சில நொடிகள்தான் எனக்கு அந்த வாரத்திலேயே பிடித்தவை. நியாயமான சோதனை என்றால் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை அப்படியே இருக்க வேண்டும். வரையறையை அவன் மனப்பாடமாகச் சொல்வான். குவளையை ஏன் நகர்த்தினான் என்று கேட்டால், இப்போது அவன் சொந்தச் சொற்களில் சொல்கிறான்.

மதிய உணவு முடிந்து சற்று நேரத்தில் தாம்பாளம் காய்ந்துவிட்டது. குவளையில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. மறுநாள் விசிறியில்லாமல் தாம்பாளத்தை மட்டும் வைத்துப் பார்த்தோம், மாலைவரை இழுத்தது. ‘ஏன் ஈரத் துணியை விரித்துக் காயப்போட வேண்டும்?’ என்ற கேள்விக்கு அதன்பின் பயிற்சித் தாள் தேவைப்படவில்லை. இப்போது கம்பத்தில் துணி போடும்போது பள்ளிச் சட்டையைச் சுருட்டாமல் விரிக்கிறான். அம்மாவுக்கு இதில்தான் அதிக மகிழ்ச்சி.

நீராவி மறுபடியும் நீராவது அவனுக்குச் சற்றுக் கடினமாக இருந்தது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலின் வெளிப்புறம் நனைவது ஏன் என்று கேட்டால், “உள்ள இருக்கிற தண்ணி வெளிய கசியுது” என்பான். இப்படி நினைக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். ‘தப்பு’ என்று சொல்லிவிட்டால் அவன் வாயால் ஒத்துக்கொள்வான், மனத்தால் ஒத்துக்கொள்ளமாட்டான். எனவே ரோஸ் சிரப் கலந்த தண்ணீரில் பனிக்கட்டி போட்டு, குவளையை வெளியே நன்றாகத் துடைத்து, சமையலறைத் தராசில் வைத்தோம். 412 கிராம். இருபது நிமிடம் கழித்து வெளிப்புறமெல்லாம் நீர்த்துளிகள். வெள்ளைக் காகிதத்தால் துடைப்பதற்குமுன் தராசைப் பார்த்தான். 418. கசிந்திருந்தால் எடை கூடியிருக்காதே. துடைத்த காகிதத்தில் இளஞ்சிவப்பும் இல்லை.

“அப்ப இந்த ஆறு கிராம் எங்கிருந்து வந்துச்சு?” என்று அவனே கேட்டான்.

பதில் சொன்னது பாட்டி. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. “இங்க வாடா” என்று கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டினார். மூடியின் உட்புறம் துளித்துளியாகக் கோத்திருந்தது. “இது நேரா இட்லி மேல விழுந்தா இட்லி நசநசன்னு ஆயிரும். அதான் சாய்ச்சுப் பிடிச்சுத் திறக்கணும்.” கீழே கொதிக்கும் தண்ணீர் ஆவியாகி மேலே போகிறது, மூடி அந்த அளவுக்குச் சூடில்லை, பட்டதும் நீராகிறது. அறையின் காற்றில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீராவிக்குக் குளிர்ந்த குவளைதான் மூடி. ‘ஆவி சுருங்குதல்’ என்ற சொல்லைப் பாட்டி கேள்விப்பட்டதில்லை. அவர் நான்காம் வகுப்புவரைதான் படித்தவர். ஐம்பது ஆண்டுகளாக அதைக் கையில் பிடித்துச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். நானும் அப்படிப் படித்தவள்தான். அதனால் அறிவியல் பள்ளிக்கூடத்தில் இருக்கும் விஷயம் என்றும், தமிழ் பாட்டியிடம் பேசும் மொழி என்றும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. தம்பி பாட்டியிடம் பேசுவதே ‘சாப்பிட்டேன்’, ‘தூங்கப்போறேன்’ அளவில்தான் இருந்தது. இட்லிச் சட்டிக்குப் பிறகு, “பாட்டி, வேற என்னவெல்லாம் தெரியும்?” என்று சமையலறையில் நிற்கத் தொடங்கினான்.

எல்லாம் வெற்றி என்று நினைக்காதீர்கள். கடல்நீரைக் குடிநீராக்கப் பார்த்தோம். பெரிய பாத்திரத்தில் உப்புத் தண்ணீர், நடுவில் சிறு கிண்ணம், மேலே பிளாஸ்டிக் தாள், தாளின் நடுவில் ஒரு கோலிக்குண்டு. வெயில் பட்டுத் தண்ணீர் ஆவியாகி, தாளில் படிந்து, கிண்ணத்தில் சொட்ட வேண்டும். ஜன்னல் ஓரத்தில் வைத்த நாளில் காலை முழுக்க மேகம், மதியம் மழை. மாலையில் கிண்ணத்தில் இருந்தது இரண்டு தேக்கரண்டி. நக்கிப் பார்த்து, “உப்பு இல்லக்கா, ஆனா தாகத்துக்குப் பத்தாது” என்றான்.

தோல்வியும் ஒரு வகையில் உதவியது. துவாசில் 2005ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையும் பின்னர் வந்தவையும் வெயிலை நம்பி இல்லை. மிக நுண்ணிய துளைகளுள்ள சவ்வின் வழியே அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள், உப்பு பின்தங்கிவிடுகிறது. அந்த அழுத்தத்துக்கு மின்சாரம் வேண்டும், ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிலோவாட் மணி. ஆகவேதான் கடல் சூழ்ந்த தீவில் இருந்துகொண்டே மழைநீர், ஜோகூர் நீர், புதுநீர், கடல்நீர் என்று நான்கு வழிகளை வைத்திருக்கிறோம். ‘நான்கு தேசியக் குழாய்கள்’ என்று சமூகவியல் புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது வெறும் பட்டியல். இரண்டு தேக்கரண்டி சேர்க்க ஒரு நாள் ஆனவனுக்கு அது பட்டியலாகத் தெரியவில்லை.

போத்தலில் மணல், கூழாங்கல், கரி, பஞ்சு அடுக்கி அழுக்குத் தண்ணீரை வடிகட்டும் சோதனையையும் செய்தோம். அழகாகத் தெளியும். ஆனால் தெளிவான தண்ணீர் எல்லாம் குடிக்கத்தக்க தண்ணீர் அல்ல, கிருமிகள் பஞ்சில் நிற்பதில்லை. பிள்ளைகள் ஆசையாக வாயில் வைக்கப் போவார்கள், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது நல்லது. இன்னொன்று, தண்ணீர் வைத்த கிண்ணங்களைத் தாழ்வாரத்தில் மறந்துவிடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். எங்கள் சோதனை எதுவும் இரண்டு நாளைத் தாண்டவில்லை. அப்படியும் எதிர்வீட்டுச் சீன அம்மா இரண்டுமுறை வந்து எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் வாரம் பாட்டியின் வாரமாகிவிட்டது. 1963ல் மழை பொய்த்து, ஏப்ரல் மாதம் தொடங்கிச் சுமார் பத்து மாதம் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது. பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது, ஜாலான் காயு பக்கம் கம்பத்து வீடு. தம்பி கேள்விகளை எழுதிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் கேள்வி, “பாட்டி, அப்ப நீங்க ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் பயன்படுத்துனீங்க?” பாட்டி சிரித்தார். “லிட்டரு யாருக்குத் தெரியும்? வாளி தெரியும்.” ஒரு வாளியில் அரிசி களைந்த தண்ணீர், அது கீரைப் பாத்திக்கு. துணி அலசிய தண்ணீர் வாசல் கழுவ. குழாயடியில் வாளிகளை வரிசையாக வைத்துவிட்டுப் பிள்ளைகள் காவல் இருப்பார்களாம். தன் வாளியை யாரோ பின்னால் தள்ளிவிட்டதற்காக அழுதுகொண்டே வீட்டுக்குப் போனதைச் சொன்னபோது, அறுபது ஆண்டுக்கு முந்தைய கோபம் அவர் குரலில் அப்படியே இருந்தது.

மறுநாள் தம்பி பத்து லிட்டர் வாளியை நிரப்பித் தாழ்வாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தூக்கிப் பார்த்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று இடத்தில் நின்றான், போய்ச் சேர்ந்தபோது எட்டரை லிட்டர்தான் இருந்தது. சிந்தியதைத் துடைக்க அரை மணி நேரம். சிங்கப்பூரில் 2023ல் ஒருவர் வீட்டில் ஒரு நாளைக்குச் சராசரியாக 141 லிட்டர் பயன்படுத்தினார், 2030க்குள் அதை 130ஆகக் குறைப்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இலக்கு. “பதினாலு வாளிக்கா!” என்றான். வாளி தூக்கிய கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னதால் அதில் ஒரு கனம் இருந்தது.

செலவில்லாமல் வெளியே போக வேண்டும் என்றால் மரினா அணைக்கட்டு நல்ல இடம். பட்டம் விடுவதற்குத்தான் பலர் போகிறார்கள். 2008ல் திறக்கப்பட்ட இந்த அணை, கடலுக்கும் நீர்த்தேக்கத்துக்கும் நடுவே நிற்கிறது. கனமழை பெய்யும்போது கடல் தாழ்ந்திருந்தால் ஒன்பது மதகுகளைத் திறந்து மிகுதி நீரைக் கடலுக்கு விடுகிறார்கள். கடல் உயர்ந்திருந்தால் மதகைத் திறக்க முடியாது. ஏழு பெரிய நீரேற்றிகள் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. ஒவ்வொன்றும் வினாடிக்கு 40 கன மீட்டர். தம்பி அங்கேயே நின்று கைப்பேசியில் கணக்குப் போட்டான். ஒரு நீரேற்றி ஒரே வினாடியில் தள்ளும் தண்ணீர் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் வரும். தொட்டி ஒழுகாமல் இருந்தால்.

அந்த ‘மதகு’ என்ற சொல் பாட்டியிடமிருந்து வந்தது. வீட்டுக்கு வந்து நாங்கள் பார்த்ததைச் சொன்னபோது, “மதகுன்னு சொல்லு” என்றார். அதிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கியது. மடை, ஓடை, ஊற்று, அருவி, ஊருணி. ‘தண்’ என்றால் குளிர்ச்சி, ஆகவே தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர்தான். அப்படியென்றால் நாம் தினமும் கேட்டு வாங்கும் சுடுதண்ணீர்? தம்பிக்கு இது பெரிய வேடிக்கை. ‘போலீசாருக்குத் தண்ணீர் காட்டினான்’ என்ற தொடரை, தாகத்துக்குக் கொடுத்தான் என்றுதான் அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான். ஏமாற்றித் தப்பினான் என்று பாட்டி விளக்கியதும், அன்று முழுக்க வீட்டில் எல்லாரும் எல்லாருக்கும் தண்ணீர் காட்டினார்கள்.

மூன்றாம் தவணை தொடங்கி இரண்டு வாரமாகிறது. துணைப்பாட வகுப்புப் பேச்சை அம்மா இன்னும் முழுதாக விடவில்லை. ஆண்டிறுதிவரை பார்க்கலாம் என்கிறார். சென்ற வாரம் தம்பி கொண்டுவந்த அறிவியல் தாளில், சமையல் பாத்திர மூடியின் உட்புறம் ஏன் நனைகிறது என்று ஒரு கேள்வி. ‘பிகாஸ்’ என்ற சொல்லுக்குப் பின் மூன்று வரி எழுதியிருந்தான். முழு மதிப்பெண். கடைசி வரியில், எனவே இட்லிச் சட்டி மூடியைச் சாய்த்துத் திறக்க வேண்டும் என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும், சிவப்பு மையில் ஆசிரியர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அதைப் பாட்டியிடம் காட்டினோம். “ஒரு நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்லு” என்றார்.